படத்தில் குஷன், பையில் உறை

வில்பட்டியில் இருக்கும் என் தங்கை ஆன்லைனில் எதை வாங்கினாலும் அட்டுவம்பட்டியில் உள்ள என் வீட்டு விலாசத்தையே கொடுப்பாள். அவள் வீட்டுக்கு மலைச்சாலையை விட்டு இறங்கித் தோட்டத்து வரப்பு வழியாக நடக்க வேண்டும். கூரியர்காரர் ஒரே ஒரு முறை போனார். திரும்பி வந்து எனக்குப் போன் செய்தார். "அக்கா, இனிமே உங்ககிட்டயே குடுத்துர்றேன். அங்க வழி முழுக்க சகதியாக் கெடக்கு." அன்று முதல் அவளுடைய மிக்சி, போர்வை, செருப்பு எல்லாம் என் வாசலில் இறங்கி, என் கையோடுதான் வில்பட்டிக்குப் போகின்றன.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, பள்ளி அலுவலகத்தில் வேலை முடிந்து வந்தபோது, பக்கத்து வீட்டில் எனக்கான பார்சல் இருந்தது. ஒரு சேலையை மடித்து வைத்த அளவுதான். அதற்குள் ஆறு குஷன்கள் இருக்க வேண்டும். கையில் தூக்கிப் பார்த்துவிட்டுத் தங்கைக்குப் போன் செய்தேன்.

"ஏடி, பார்சல் வந்துருச்சு. ஆனா ரொம்ப ஒல்லியா இருக்கு."

"காத்தை எடுத்து அமுக்கி அனுப்புவாங்கக்கா. பிரிச்சா உப்பிக்கிரும். நீ வெரசா கொண்டாந்துரு."

அவளுடைய அவசரத்துக்குக் காரணம் இருந்தது. அவள் வீட்டில் பூண்டு தொங்கவிடும் அறை ஒன்று உண்டு. அறுவடை முடிந்ததும் பூண்டைத் தண்டோடும் தாளோடும் கட்டுக்கட்டாக உத்தரத்தில் தொங்கவிட்டு, கீழே புகை போட்டுக் காய வைப்பார்கள். பள்ளத்தாக்கைப் பார்த்த ஜன்னல் அந்த அறைக்குத்தான் இருக்கிறது. அதைச் சுற்றுலா வருபவர்கள் தங்கும் அறையாக மாற்ற வேண்டும் என்று தங்கை இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் கணவர் கடைசியில் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார். முதலில் வருபவர்கள் நல்லபடியாகச் சொல்லிவிட்டுப் போனால் அறை அவளுக்கு. குறை சொன்னால் அடுத்த அறுவடைக்குப் பூண்டு மறுபடியும் மேலே ஏறிவிடும். முதல் விருந்தினர் மறுநாள் மதியம் மதுரையிலிருந்து வருவதாக இருந்தது. ஜன்னலோரம் போட்டிருந்த பலகை பெஞ்சு வெறுமனே கிடந்தது. அதற்குத்தான் குஷன்.

பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தேன். தங்கை பார்சலைப் பிரித்தாள். ஆறு மஞ்சள் துணிகள், ஒரு பக்கம் ஜிப். அவள் அவற்றை உதறி, பெஞ்சில் வரிசையாகப் பரப்பி வைத்துவிட்டுக் காத்திருந்தாள். எதுவும் உப்பவில்லை.

"குளிருல வெறைச்சுப் போயிருக்கும். அடுப்புப் பக்கம் வச்சா சரியாயிரும்" என்றாள்.

"பூரியா அது? எண்ணெயில போட்டுப் பாரு, உப்பும்" என்றார் அவள் கணவர்.

நான் அவள் போனை வாங்கி அந்தப் பக்கத்தைக் கடைசிவரை படித்தேன். படத்தில் ஆறு குண்டுக் குஷன்கள் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து உட்கார்ந்திருந்தன. அளவு பதினாறு அங்குலம் என்று போட்டிருந்தது. துணியை அளந்து பார்த்தேன், சரியாக இருந்தது. எல்லாவற்றுக்கும் கீழே, வெளிறிய சிறு எழுத்தில், உள்ளே அடைக்கும் பஞ்சு இதில் சேராது என்று இருந்தது. திருப்பி அனுப்பலாம்தான். ஆனால் அதற்கு ஆள் வந்து வாங்கிப் போகும்போது விருந்தினர் ஊருக்கே திரும்பியிருப்பார்கள்.

"படத்துல ஒண்ணைக் காட்டிட்டு வீட்டுக்கு ஒண்ணை அனுப்புறாங்களே, இவங்கெல்லாம் நல்லா இருப்பாங்களா?" தங்கைக்கு அழுகையே வந்துவிட்டது.

அவள் கணவர் எழுந்து வெளியே போனார். திரும்பி வந்தபோது தோளில் ஒரு சாக்கு இருந்தது. பூண்டு சுத்தம் செய்யும்போது உதிரும் மேல்தோலும் காய்ந்த தாளும். வீட்டுக்குப் பின்னால் சாக்குச் சாக்காக அதுதான் கிடந்தது.

"மதினி, இதை அடைச்சுப் பாப்பமா? பஞ்சை விட லேசு."

வேறு வழி இல்லை. ஒரு உறை குண்டாகவும் ஒன்று ஒல்லியாகவும் இருக்கக் கூடாது என்பதால் நான் ஒரு படியை எடுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரே அளவு அளந்து போட்டேன். அடைத்து ஜிப்பை இழுத்ததும் அசல் குஷனைப் போலவே நிமிர்ந்து நின்றது. உட்கார்ந்தால் சரசரவென்று சத்தம் வந்தது, அவ்வளவுதான். வாசனை ஏதும் வருகிறதா என்று மூன்று பேரும் மாற்றி மாற்றி முகர்ந்து பார்த்தோம். எதுவும் வரவில்லை என்று ஒருமனதாக முடிவு செய்தோம்.

மறுநாள் மதியம் அவர்கள் வந்தார்கள். கணவன், மனைவி, எட்டு வயதிருக்கும் ஒரு மகள். வரப்பில் அவர்கள் நடந்து வரும்போதே பின்னாலேயே மேகமும் இறங்கிவிட்டது. அறைக்குள் வந்ததும் அந்தச் சிறுமி மூக்கை உறிஞ்சினாள்.

"அம்மா, இங்க யாரோ ரசம் வைக்கிறாங்க."

தங்கை என்னைப் பார்த்தாள். நான் குஷனைப் பார்த்தேன்.

அதற்குள் அந்த மனிதர் ஜன்னலருகே போய் நின்றுவிட்டார். வெளியே ஒரே வெள்ளை. தோட்டமும் தெரியவில்லை, வேலியும் தெரியவில்லை. அவர் போனை எடுத்து ஜன்னலுக்கு நேராகப் பிடித்தார். திரையில், அறை வாடகைக்கு விடும் தளத்தில் தங்கை போட்டிருந்த படம்: வெயிலில் மின்னும் படிப்படியான தோட்டங்கள், அதற்குக் கீழே பள்ளத்தாக்கு.

"ஏங்க, இது எந்தப் பக்கம் இருக்கு?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. அதுதான் எங்களுக்கு இன்னும் சங்கடமாக இருந்தது.

படம் எடுக்கத் தங்கை நல்ல வெயிலுக்காக ஒரு வாரம் காத்திருந்தது எனக்குத் தெரியும். மேகம் இறங்கும் என்பதை எழுத வேண்டும் என்று அவளுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. எங்களுக்கு அது தினசரி சமாச்சாரம்.

அவள் கணவர் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தங்கை ஏதாவது சாக்கு சொல்லிச் சமாளிப்பாள் என்று நினைத்தேன். அவள் நேராகப் பேசினாள்.

"அந்தப் பக்கம்தான் சார் இருக்கு. மேகம் எறங்குனா ஒண்ணுமே தெரியாது. நான் அதை எழுதிப் போட்டிருக்கணும், போடலை. நேத்து ராத்திரி எனக்கே ஒருத்தன் படத்துல ஒண்ணு காட்டி வேற ஒண்ணு அனுப்பிட்டான். அவனை அவ்வளவு திட்டுனேன். இன்னைக்கு உங்களுக்கு நானே அதைச் செஞ்சிருக்கேன். உங்களுக்குப் புடிக்கலைன்னா டவுன்ல நல்ல ரூமா நாங்களே பாத்துத் தர்றோம்."

"உங்களுக்கு என்ன அனுப்புனான்?" என்று கேட்டுக்கொண்டே அந்த மனிதரின் மனைவி பெஞ்சில் உட்கார்ந்தார். சரசர.

தங்கை ஜிப்பைத் திறந்தே காட்டிவிட்டாள். அந்த அம்மா உள்ளே கையை விட்டு ஒரு பிடி எடுத்து முகர்ந்தார், பிறகு மகளைப் பார்த்தார், பிறகு அவரால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"இவரு ஊஞ்சல்னு ஒண்ணு வாங்குனாரு. சங்கிலி மட்டும் வந்துச்சு. இன்னும் எங்க ஹால்ல தொங்குது."

"பலகை வாங்கணும்டி" என்றார் அவர்.

"நாலு வருஷமா வாங்குறீங்க!"

அவர்கள் டவுனுக்குப் போகவில்லை. மாலை முழுவதும் சமையலறையில் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். தங்கையின் கணவர் சுட்ட பூண்டை உரித்து உரித்துத் தர, அந்தச் சிறுமி உப்பைத் தொட்டுத் தின்றுகொண்டே இருந்தாள். அவர் எப்போதும் அவ்வளவு பேசுகிறவர் இல்லை. அன்று விதைப்பு, புகை போடுவது, காட்டெருமை வேலியை உடைத்தது என்று எல்லாக் கதையையும் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கிளம்பும்வரை மேகம் விலகவே இல்லை. அந்தப் பள்ளத்தாக்கை அவர்கள் ஒரு நிமிடம்கூடப் பார்க்கவில்லை.

இரண்டு நாள் கழித்து அவர்கள் எழுதியது தளத்தில் வந்தது. காட்சி எதுவும் தெரியவில்லை, அறையில் பூண்டு மணக்கிறது, வீட்டுக்காரர்கள் உள்ளதைச் சொல்கிறார்கள், மறுபடியும் வருவோம் என்று இருந்தது. ஐந்துக்கு நான்கு நட்சத்திரம்.

"ஒண்ணைக் காணமே?" என்றார் தங்கையின் கணவர்.

"மேகத்துக்குப் புடிச்சிருப்பாங்க" என்றாள் அவள். அன்றே வெள்ளையாக நிற்கும் ஜன்னலை ஒரு படம் எடுத்துப் பழைய படத்துக்குப் பக்கத்தில் போட்டாள். பாதி நாள் இப்படித்தான் இருக்கும் என்று கீழே எழுதச் சொன்னாள். நான் எழுதினேன், சிறு எழுத்தில் இல்லாமல்.

போன ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே போனபோது, தங்கையின் கணவர் சமையலறையில் ஏணி போட்டு ஏறி உத்தரத்தை அளந்துகொண்டிருந்தார். இந்த அறுவடைக்குப் பூண்டை எங்கே தொங்கவிடப் போகிறார் என்று நான் கேட்கவே தேவை இருக்கவில்லை.

"மதினி, வந்தது நல்லதாப் போச்சு. இந்த டேப்போட அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் புடிங்க. உங்க தங்கச்சி புடிச்சா கோணலாப் போகுது."