விலகிய சிவப்பு

பிரபாகரனைப் போல ரிஜிஸ்டர் பார்க்க எங்கள் சிவகாசி பிரஸ்ஸில் ஆள் கிடையாது. பட்டாசுப் பெட்டி லேபிளில் நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு நாலும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்கார வேண்டும். அதைத்தான் ரிஜிஸ்டர் என்போம். மயிரிழை விலகினாலும் படத்திலுள்ள குழந்தைக்கு இரண்டு மூக்கு முளைத்துவிடும். கட்டிங் மிஷினில் நிற்கிற எனக்கு அவன்மேல் பொறாமைகூட உண்டு.

ஒரே கெட்ட பழக்கம், எந்நேரமும் கண்ணைக் கசக்குவான். கேட்டால் பேப்பர் தூசி என்பான். வருசத்துக்கொரு கண்ணாடி மாற்றினான்.

போன தீபாவளி சீசனில் லேபிள்கள் திரும்பி வர ஆரம்பித்தன. நன்றாக ஓடுகிற மிஷினை நிறுத்தி, சிவப்பு விலகுகிறது என்று திருகுவான். அப்புறம்தான் உண்மையாகவே விலகும். உதவிக்கு நின்ற காளிராஜ் சொல்லிப் பார்த்தான். "எனக்கே பாடம் நடத்துறியாலே?" என்று அவன் வாயை அடைத்துவிட்டான். ஒரு லோடு முழுக்கப் பாழானது. முதலாளி சத்தம் போடாமல் பிரபாகரனை ஷீட் அடுக்க அனுப்பினார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.

மதுரையில் கண் டாக்டர் விளக்கிச் சொன்னார். கருவிழி மெலிந்து கூம்பு மாதிரி பிதுங்கியிருக்கிறது, அதனால்தான் ஒன்று இரண்டாகத் தெரிகிறது. கசக்கக் கசக்க இன்னும் கெடும். பிறை போல இரண்டு மெல்லிய துண்டுகளைக் கருவிழிக்குள் செருகினால் கூம்பு கொஞ்சம் அமுங்கும், ஆனால் பார்வை முழுசாகத் திரும்பும் என்று சொல்ல முடியாது. அந்தக் கடைசிப் பேச்சு மட்டும் அவன் காதில் ஏறவில்லை. அச்சைப் பெரிதாக்கிக் காட்டும் லென்ஸை வைத்துப் பார்க்கிற வலது கண் சரியானால் மறுபடி மிஷினில் நிற்கலாம். அவனுக்கு அது ஒன்றே நினைப்பு. முதலாளியும் சரியென்றிருந்தார்.

ஆபரேஷன் நடந்து சில வாரம் கழித்துப் போன் செய்தான். விளக்கைச் சுற்றி வளையம் தெரிகிறதாம், ஆனால் பஸ் போர்டைப் படிக்க முடிகிறதாம். மறுநாள் வேலைக்கு வருவதாகச் சொன்னான். சந்தோஷமாக அன்று சாயங்காலமே சாத்தூர்ப் பக்கம் அவன் வீட்டுக்குப் போனேன்.

சுவரில் ஒட்டியிருந்த நினைவஞ்சலிப் படத்தின் முன்னால் நின்றிருந்தான். அவன் அம்மா அய்யம்மாள், அந்தச் சீசனுக்குக் கொஞ்சம் முன்னால் மஞ்சள் காமாலையில் போனவள். காளிராஜைக்கூடக் கிட்டே விடாமல், அரை நாள் திருகித் திருகி அவனே அச்சடித்தது. சொந்தக்காரர் வீடெல்லாம் அதுதான் தொங்குகிறது. இதைவிட நல்ல வேலை தன் கையால் ஆகாது என்று எங்களிடம் காட்டியவன்.

சிவப்பு முழுக்க ஒரு பக்கம் விலகி, அந்தம்மாளுக்கு இரண்டு வாய். எங்களுக்குப் பழகிப்போன படம். அவன் அன்றுதான் பார்க்கிறான்.

"இது மொதல்லருந்தே இப்படித்தான் இருந்துச்சா?" என்று மனைவி பானுப்பிரியாவிடம் கேட்டான்.

"அம்புட்டுப் பேருக்கும் தெரியும். அம்மா மொகம் அப்படியே விழுந்திருக்குன்னு அழுதீக. அப்ப யாரு சொல்லுவா?"

அவன் கை கண்ணைத் துடைக்கப் போனது. கசக்கிவிடுவானோ என்று அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். கண்ணீர் அது பாட்டுக்கு வழிந்தது. என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

மறுநாள் பிரஸ்ஸுக்கு வந்தவன் நேரே ஷீட் அடுக்குகிற மேஜைக்குப் போனான். இப்போதுதான் தெளிவாகத் தெரிகிறதே, மிஷினுக்கு வரலாமே என்றார் முதலாளி.

"அப்பவும் தெளிவாத்தான் தெரிஞ்சுச்சு, மொதலாளி" என்றான்.