கொளுத்திப் பார்க்காமல் நம்பாதவர்

பிலோமினா அக்கா போய்விட்டார் என்று திருத்துறைப்பூண்டியிலிருந்து அவருடைய தம்பி போனில் சொன்னபோது, என் வாயிலிருந்து முதலில் வந்தது, "அடுப்பு எரிஞ்சிட்டிருந்துச்சா?" என்பதுதான். "இல்லங்க, நெஞ்சுவலி. உக்காந்தவங்க எந்திரிக்கல" என்றார். அதற்கப்புறம்தான் எனக்கு அழுகை வந்தது.

நம் மகளிர் குழுவில் மெழுகுவர்த்தி செய்த யார்தான் அக்காவிடம் திட்டு வாங்காதவர்? கொதிக்கும் தண்ணீர்ச் சட்டிக்குள் பாத்திரத்தை வைத்துத்தான் மெழுகை உருக்க வேண்டும். நேரே அடுப்பில் வைத்தால் தொலைந்தோம். ஒருமுறை போன் பேசிவிட்டுத் திரும்பினால் என் அடுப்பை அக்கா அணைத்திருந்தார். "அடுப்பு என்ன ஒன் சொந்தக்காரனா, நம்பி விட்டுட்டுப் போற?" என்றார். என்னைக் குழுத் தலைவியாக்கியது அக்காவுக்குப் பொறுக்கவில்லை என்றே நான் நினைத்தேன்.

மகளுக்குக் காய்ச்சல் விடாமல் அடித்தபோது, அவள் உயரத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றுவதாக வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்துகொண்டேன். அவள் தேறியதும், பழைய வேட்டியைக் கிழித்துத் திரியாக முறுக்கி, நானே வார்த்து, குழுக் கொட்டகையில் மணல் வாளியில் நிறுத்தினேன். கிளம்புவதற்கு முந்தின நாள் பார்த்தால் திரி கருகியிருந்தது. யார் வேலை என்று எனக்கா தெரியாது?

"நீங்கதானே கொளுத்துனீங்க? சாமிக்கு வச்சத எச்சில் பண்ணிட்டீங்களே!"

"ஆமா, நான்தான். மாதாவுக்கு எச்சில் கிடையாதுடி. ஒன் புள்ள கையில பிடிக்கப்போற சாமான், அதான் பாத்தேன்."

நான் நம்பவில்லை. அக்கா அதை வாசலுக்குக் கொண்டுவந்து மறுபடி கொளுத்தினார். சற்று நேரத்தில் சுடர் சாண் உயரம் எழுந்தது. கருகிய துணித்துண்டு உருகிய மெழுகில் விழ, உச்சி மொத்தமும் பற்றிக்கொண்டது. நான் குடத்தைத் தூக்கினேன். அக்கா என் கையில் ஓங்கி அடித்துவிட்டு, தகர டப்பாவை எடுத்துத் தீயின்மேல் கவிழ்த்தார். "மெழுகுத் தீயில தண்ணி ஊத்துனா மூஞ்சியில வந்து அடிக்கும். மூடணும்!"

அன்று மாலையே அந்தத் தடித்த வேட்டித் திரிக்குப் பதிலாக மெல்லிய பருத்தித் திரி போட்டுப் புதிதாக வார்த்துக் கொடுத்தார். முன்னாடியே வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே என்ற கோபம் எனக்கு இன்னும் முழுக்கப் போகவில்லை. சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்கவும் மாட்டேன்.

அடக்கத்தன்று நான் செய்ததை உங்களில் சிலர் முறைத்துப் பார்த்தீர்கள். தலைமாட்டில் எரிந்த மெழுகுவர்த்திகளை மாலைகளிடமிருந்து தள்ளி வைத்தேன், மின்விசிறியைத் திருப்பினேன். அக்கா எனக்கு விட்டுப்போனது பாசம் என்று சொல்ல நாக்கு வரவில்லை. சந்தேகத்தைத்தான் விட்டுப்போயிருக்கிறார். அதை நான் வைத்துக்கொள்கிறேன்.

பெட்டியைத் தூக்கியதும் எல்லோரும் பின்னாலேயே போய்விட்டீர்கள். ஆளில்லாத வீட்டில் திரிகள் எரிந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றாக அணைத்து, புகை அடங்கும்வரை நின்று பார்த்துவிட்டு ஓடினேன். கல்லறைக்குப் போய்ச் சேர்ந்தபோது குழியை மூடியிருந்தார்கள். நீங்கள் எல்லோரும் ஒரு பிடி மண் போட்டிருந்தீர்கள், நான்தான் போடவில்லை. எரியும் திரியை விட்டுவிட்டு வராததால், அக்கா என்னைத் திட்டாத ஒரே நாள் அதுவாகத்தான் இருக்கும்.