என் மகள் கதையில் வந்த கண்டக்டர்

திண்டிவனம் – விழுப்புரம் ரூட்டில் நான் கண்டக்டராக ஓடிய கடைசி வருஷத்தில் நடந்தது இது. நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும், இனிமேல் கண்டக்டர் பை மாட்டப்போகும் பிள்ளைகளுக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

1. தாண்டிப்போன ஸ்டாப்

காலை ட்ரிப். முண்டியம்பாக்கம் வந்ததும் குரல் கொடுத்து, சிங்கிள் விசில் அடித்தேன். சிங்கிள் என்றால் நில், டபுள் என்றால் போ. இறங்க வேண்டியவர்கள் இறங்கினார்கள். டபுள் கொடுத்தேன். கொஞ்ச தூரம் போன பிறகுதான், தினமும் அங்கே இறங்கும் நர்ஸம்மா சீட்டிலேயே உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன்.

"என்னாம்மா, இன்னிக்கு டூட்டி இல்லியா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்துப் பதறி எழுந்தார். "ஸ்டாப்பு போயிடுச்சா? அந்தப் பொண்ணு டோல்கேட்ட தாண்டுனாளா இல்லியான்னு நெனச்சிக்கினே வந்தேன். எல்லாம் உங்களாலதாங்க."

டிரைவர் காதர் பாய் வண்டியை ஓரம் கட்டினார். கோட்டக்குப்பத்துக்காரர். என்னோடு பல வருஷமாக ஓடியவர். "கண்டக்டர் கத சொன்னா இப்டித்தான் ஆவும்மா. நாளைக்கு நானே விழுப்புரத்தத் தாண்டி உளுந்தூர்பேட்ட பூடுவேன். ஜல்தி எறங்குங்க, எதிர் வண்டி வருது, அத்தப் புடிச்சித் திரும்பிப் போங்க."

நர்ஸம்மா படியில் நின்றுகொண்டு கேட்டார். "இத்த எழுதுனது யாருங்க? பேரச் சொல்லுங்க, வாங்கிப் படிக்கிறேன்."

நான் குனிந்து டிக்கெட் மெஷினைத் தட்டிக்கொண்டிருந்தேன். அந்தக் கதையை எழுதியது என் மகள் மலர்விழி.

2. டோல்கேட்டுக்கு அந்தப் பக்கம்

மலர் திண்டிவனத்தில் மெடிக்கல் ஷாப்பில் வேலை பார்க்கிறாள். கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில் செல்போனிலேயே எழுதியிருக்கிறாள். பிரிண்ட் எடுத்து என் சாப்பாட்டுப் பைக்குள் வைத்து, "படிச்சிட்டுத் திட்டாதப்பா" என்றாள். நான் பத்தாவதோடு நின்றவன். நாவல் என்று ஒன்றைப் படித்தது அதுதான் முதல் தடவை.

செண்பகம் என்று ஒரு பெண். இந்தக் காலத்துப் பெண். விழுப்புரம் போகிற பஸ்ஸில் ஏறுகிறாள். விக்கிரவாண்டி டோல்கேட்டைத் தாண்டியதும் திரும்பிப் பார்த்தால் டோல்கேட்டே இல்லை. ஒற்றை ரோடு, இரண்டு பக்கமும் புளியமரம். பஸ் பழைய காலத்துக்குப் போய்விட்டது. தோல் பை மாட்டிய இளவயசுக் கண்டக்டர் ஒருவன் வந்து டிக்கெட் கேட்கிறான். இவள் செல்போனை நீட்டி "ஸ்கேன் பண்ணிக்கங்க" என்கிறாள். அவன் அதைக் கண்ணாடி என்று நினைத்து வாங்கி, தலை சீவிவிட்டு, தேங்க்ஸ் சொல்லித் திருப்பிக் கொடுக்கிறான்.

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் அந்த இடத்தைப் படித்து நான் சிரித்த சிரிப்பில் டீ சட்டையில் கொட்டியது. காதர் பாய் பிடித்துக்கொண்டார். "என்னாபா தனியா சிரிச்சிக்கினு இருக்க? எனக்கும் சொல்லு." அவருக்குச் சொன்னது முன் சீட்டுக்காரர்களுக்குக் கேட்டது. அப்புறம் தினமும் டிக்கெட் போட்டு முடித்ததும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

எனக்கும் ஒரு குறை இருந்தது. அந்தக் கண்டக்டர் செண்பகம் பக்கத்திலேயே நின்று பேசிக்கொண்டு வருகிறானே, பின் படியில் ஏறியவனுக்கு யார் டிக்கெட் போடுவது? மலரிடம் கேட்டேன். "அது லவ்வுப்பா. செக்கிங் இன்ஸ்பெக்டர் மாதிரி படிக்காத" என்றாள்.

ஆனால் ஒரு இடத்தில் என்னால் மேலே படிக்க முடியவில்லை. குழந்தையோடு ஒரு அம்மா ஏறுகிறாள். டிரைவர் அவசரப்படுத்துகிறான். அவள் உட்கார்ந்து குழந்தையை மடியில் வைக்கிற வரைக்கும் கண்டக்டர் டபுள் கொடுக்கவில்லை. அந்த நிமிஷத்தில்தான் செண்பகத்துக்கு அவனைப் பிடித்துப்போகிறது. அது என் பழக்கம். நான் யாரிடமும் சொன்னதில்லை. ஸ்கூல் படிக்கும்போது என் பஸ்ஸில் வந்த மலர் பார்த்து வைத்திருக்கிறாள்.

3. அட்டையில் என்ன பேர்

விழுப்புரத்தில் ஒரு சின்னப் பதிப்பகம் கதையை எடுத்துக்கொண்டது. அட்டைக்குப் பேர் கேட்டிருந்தார்கள். மலர் ஒரு புனைபெயரை எழுதி வைத்திருந்தாள். காரணம் என் அக்கா. "மாப்ள பாக்குற நேரத்துல பொண்ணு லவ்வு கத எழுதுதுன்னு தெரிஞ்சா வானூரு எடம் திரும்பிப் பாக்குமாடா?" என்று போனில் கேட்டது மலர் காதிலும் விழுந்திருந்தது. "உனக்குத் தலகுனிவு வேணாம்பா, இந்தப் பேரே போதும்" என்றாள். நானும் சரி என்றுதான் இருந்தேன்.

நர்ஸம்மா கேட்டு நான் வாயை மூடிக்கொண்டிருந்த அன்றைக்கு முழுக்க அது உறுத்தியது. ஊரே ஸ்டாப்பை மறந்து கேட்கிற கதை. என் வீட்டுக் கதை. எனக்கு என்ன தலைகுனிவு?

மறுநாள் காலை கூட்டேரிப்பட்டு தாண்டியதும் நர்ஸம்மா சீட்டுக்குப் போனேன். "நேத்து பேரு கேட்டீங்களேம்மா. மலர்விழி. என் பொண்ணு."

"உங்க பொண்ணா? அத்த நேத்தே சொல்றதுக்கு என்னாங்க?"

காதர் பாய் முன்னாலிருந்து கத்தினார். "அடப்பாவி, நம்ம மலரா? இத்தினி நாளா கத சொல்ற, இத்த மறச்சிக்கினு கீறியே." ஹாரனை விடாமல் அடித்தார். முன்னால் மல்லாட்டை மூட்டை ஏற்றிப்போன லாரிக்காரன் பயந்து வழிவிட்டான்.

அன்று சாயங்காலம் மலரிடம் சொன்னேன். "உன் பேரையே போடு."

"அத்தை சும்மா இருக்குமாப்பா? வானூர்க்காரங்க?"

"அத்தைக்கு ஒரு புக்கு குடு. வானூருக்கும் ஒண்ணு அனுப்பலாம். படிச்சிட்டும் வேணாம்னு சொன்னா, அது நமக்கு வேணாம்."

புத்தகம் வந்தது. வானூர் இடம் தட்டிப்போனது. மலர் அன்றைக்கும் வழக்கம்போலக் கடைக்குப் போனாள். அக்கா மட்டும் புத்தகத்தை ஒரே மூச்சில் படித்துவிட்டுப் போன் செய்தாள். "அந்தக் கண்டக்டர் பையன் கடசில நம்ம காலத்துக்கே வந்துட்டானே, அவனுக்கு மெஷின்ல டிக்கெட் போடத் தெரியுமாடா?" கதையைப் பற்றி அவள் கேட்ட ஒரே கேள்வி அதுதான்.

நான் ரிட்டயர் ஆன அன்றைக்கு டிப்போவில் சால்வை போட்டார்கள். அது பீரோவில் இருக்கிறது. புத்தகம் மட்டும் என் பைக்குள் இருக்கிறது. அட்டையில் 'க. மலர்விழி' என்று போட்டிருக்கும். அந்தக் 'க' நான்.

புதிதாகப் பை மாட்டும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். டிரைவர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும், குழந்தையோடு ஏறிய அம்மா உட்கார்ந்த பிறகே டபுள் கொடுங்கள்.