தீயில் ஆற அமர நடந்தவர்

எஹலியகொடப் பக்கத்து இறப்பர் தோட்டத்தில், லயம் என்னும் தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்து அதே லயத்தில் கண்மூடியவர் எங்கள் அண்ணன். இடையில் கங்காணியாகவும் கோயில் தலைவராகவும் இருந்து எல்லோரையும் அதட்டினார். தாய் தந்தையர் முந்திக்கொண்டதால் என்னை வளர்த்தவரும் அவரே. அதட்டலில் பெரும்பங்கு எனக்குத்தான் கிடைத்தது.

சில வருடங்களுக்கு முன், என் மகளுக்கு ஒன்பது மாதம். சின்னமுத்துக்கு, அதாவது தட்டம்மைக்கு, ஊசி போடும் கிளினிக் நாள் மாரியம்மன் திருவிழாவுக்குள் வந்துவிட்டது. காப்புக் கட்டிய பிறகு யாரும் தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது என்று மைக்கில் முழங்கியவரே அண்ணன்தான். பக்கத்துத் தோட்டத்தில் ஒரு குழந்தைக்குச் சின்னமுத்து என்று கேள்விப்பட்டு, நான் பயந்துபோய் அவரிடம் அழுதேன்.

"அழுவாத புள்ள. நாமதான் தாண்டக் கூடாது. மிஸ்ஸி தாண்டி வரலாம்ல?"

மிஸ்ஸி என்று நாங்கள் கூப்பிடும் மருத்துவமாதுவைத் தொலைபேசியில் பிடித்து, சிங்களத்தில் கெஞ்சி, தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவுக்கே வரவழைத்தார். ஊசிப் பெட்டி வந்தது. தாய்மார் வரவில்லை.

"அம்மா குடுக்கிற முத்த அவ திருவிழாவுலயே ஊசி போட்டுத் தடுக்கிறதாங்க, தலவரே? குத்தமாயிடாதுங்களா?" என்றார் அடுத்த வீட்டு ராசாத்தி அக்கா.

"குத்தம்னா என் தலையில. நாளைக்கு நான்தானே மொத ஆளா தீ மிதிக்கிறேன்? ஒரு கொப்புளம் வந்தாலும் மீசைய எடுத்துடுறேன்!"

அந்த மீசைக்குத் தோட்டமே மரியாதை தரும். தாய்மார் தூக்கிவந்த பதினொரு பிள்ளைகளும் ஊசி போட்டுக்கொண்டு வீறிட்டார்கள்.

வழக்கமாகத் தீயில் ஓடுகிறவர், மறுநாள் எல்லோருக்கும் நம்பிக்கை வரட்டுமென்று ஆற அமர நடந்தார். விளைவு, இரண்டு உள்ளங்காலிலும் நெல்லிக்காய் அளவில் கொப்புளம். கதவைச் சாத்திவிட்டு நான்தான் மருந்து போட்டேன்.

"வெளிய மூச்சு விட்ட, தொலைச்சுப்புடுவேன்."

மறுநாள் காலை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் பூட்ஸ் போட்டு விறைப்பாக நின்றார். ராசாத்தி அக்கா அவர் பாதங்களை அழுத்திக் கும்பிட்டபோது அண்ணனின் கண் கலங்கியது. பக்தி என்று எல்லோரும் நினைத்தார்கள்.

பதினொரு பிள்ளைகளில் ஒருவருக்கும் சின்னமுத்து வரவில்லை. சென்ற ஆண்டு, நெஞ்சு வலியில், மீசையோடுதான் அண்ணன் போனார். அவர் இல்லாத வீடு எனக்கு வீடாகவே இல்லை.

அண்ணனை ஆஸ்பத்திரிக்குச் சுமந்தவர்களுக்கும், இறுதிவரை உடனிருந்த அண்ணிக்கும், எல்லை தாண்டி வந்த மருத்துவமாதுவுக்கும், நடந்ததை அறிந்தும் யாரிடமும் சொல்லாத மாரியம்மனுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. கொப்புளம் ஊசியால் வந்ததல்ல, மெதுவாக நடந்ததால் வந்தது.

இந்த ஆண்டும் கிளினிக் காப்புக்குள்தான் விழுகிறது. பிள்ளைகளைத் தூக்கி வாருங்கள். உங்களுக்குப் பயமென்றால் தீயில் நான் இறங்குகிறேன். ஆனால் ஓடிவிடுவேன்.