பென்சிலில் எழுதிய அப்பா

எதுக்கு உனக்கு இதெல்லாம்? மாப்பிள்ளை வெள்ளைக்காரனாமே, குடும்பம் எப்படி, யார் போய் விசாரித்தது என்று நீயும் கேட்க வந்துவிட்டாய். வாக்கிங் போனால் கேட்கிறார்கள், இந்தியன் ஸ்டோரில் கத்தரிக்காய் பொறுக்கும்போது கேட்கிறார்கள். உன் வீட்டு அடுப்பில் இன்றைக்கு ஒன்றும் இல்லையா? சரி, உட்கார். சொல்கிறேன். ஆனால் என் மகன் மணி காதுக்குப் போகக் கூடாது. அவனாக இதைப் படிக்க மாட்டான். பத்து வரிக்கு மேல் இருக்கிற எதையும் அவன் படிப்பதில்லை. நீ போய்ச் சொன்னால்தான் உண்டு.

இன்று காலை டோரதியிடமிருந்து பார்சல் வந்தது. டோரதி என்றால் மாப்பிள்ளைப் பையன் ஈத்தனுடைய பாட்டி. பிரித்துப் பார்த்தால் தலையணை மொத்தத்துக்கு ஒரு நீல ஃபைல், உள்ளே காலியாக நூறு பிளாஸ்டிக் உறை, கூடவே சீவி வைத்த ஒரு பென்சில். எங்கள் குடும்ப வரலாற்றை எழுதி வைக்க வேண்டுமாம். பென்சிலை மூக்கில் வைத்துப் பார்த்தேன். மூன்றாம் வகுப்பு வாசனை. அதற்கு மேல் நான் படிக்கவில்லை, அதனால் அதற்கு மேல் எனக்கு எந்த வாசனையும் தெரியாது.

என் பேத்தி ஹரிணி, மணியின் ஒரே மகள், இந்த ஈத்தனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று சொன்னபோது மணி கத்தவில்லை. கத்தியிருந்தால் அரை நாளில் அடங்கியிருக்கும். அவன் அமைதியாக, "குடும்பத்தப் பத்தித் தெரியணும். நல்ல குடும்பமான்னு விசாரிக்காம எப்படிம்மா குடுக்கறது?" என்றான். ஹரிணியும் அவனைப் போலவே அமைதியாக, அப்பா சரி என்று சொல்லாவிட்டால் கல்யாணம் இல்லை, ஆனால் வேறு யாரையும் கட்டிக்கொள்ளப் போவதும் இல்லை என்று சொல்லிவிட்டு, தட்டைக் கழுவி வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். மூன்று மாதம் இப்படியே போனது. வீட்டில் குக்கர் மட்டும்தான் சத்தம் போட்டது.

இருபத்தைந்து வருஷமாக டெக்சாஸில் இருக்கிறவன், டோல்வே ரோட்டில் எண்பது மைல் வேகத்தில் கார் ஓட்டுகிறவன், விசாரிக்கணும் என்றதும் எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் காலத்தில் விசாரிப்பது என்றால் எப்படி என்று அவனுக்குத் தெரியாது. என்னைத்தான் விசாரிக்க வந்தார்களே.

அப்போது நாங்கள் அரக்கோணத்தில் லோகோ ஷெட்டுக்குப் பின்னால் ஒரு லைன் வீட்டில் இருந்தோம். ஆறு குடித்தனம், ஒரு குழாய். அம்மா இட்லி சுட்டு ஷெட்டு ஆட்களுக்குக் கொடுத்துப் பிழைத்தாள். அப்பா ரயில்வேயில் தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயின்ட்ஸ்மேன். ஜோலார்பேட்டைக்கு மாற்றலாகிப் போனவர், அங்கேயே இன்னொரு அம்மாவோடு குடித்தனம் போட்டுவிட்டார். திரும்பி வரவில்லை. இந்த லட்சணத்தில் காட்பாடியிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பையனின் பெரியப்பா விசாரிக்க வந்தார். வீட்டுக்குள் வராமல் நேரே குழாயடிக்குப் போனார். விவரமான மனுஷன்.

குழாயடியில் ராஜாத்தியக்கா இருந்தாள். எதிர் போர்ஷன். வாய் என்றால் அப்படி ஒரு வாய், எஞ்சின் விசில் ஊதினால் அவளிடம் கேட்டுவிட்டு ஊத வேண்டும்.

"இந்த இட்லிக்காரம்மா பொண்ணு எப்படிம்மா?"

"அதுங்களா? தங்கமான குடும்பம். எனக்குச் சின்ன வயசுலேர்ந்து தெரியும்."

ராஜாத்தியக்கா அந்த லைனுக்குக் குடிவந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது.

"பொண்ணுக்கு வாய் ஜாஸ்தியா?"

"வாயா? அதுக்கு வாய் இருக்குதுன்றதே எங்களுக்குப் போன பொங்கலுக்குத்தான் தெரியும்."

"அப்பா?"

இந்த இடத்தில் ராஜாத்தியக்கா குடத்தைக் கீழே வைத்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாளாம். "டூட்டில இருக்கச் சொல்லவே ரயில்ல அடிபட்டுச் செத்துட்டாருங்க. தெய்வம் மாதிரி மனுஷன்."

கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. அதற்கப்புறம்தான் கஷ்டம். செத்துப்போனவர் பெண்டாட்டி பொட்டு வைக்கலாமா? காட்பாடி சம்பந்தி எப்போது வந்தாலும் பாசஞ்சரில்தான் வருவார்கள். பாசஞ்சர் வந்து நின்றதும் ராஜாத்தியக்கா குழாயடியிலிருந்து, "ஏ, வண்டி வந்துருச்சு" என்று குரல் கொடுப்பாள். அம்மா பொட்டை அழித்து, தாலியை ரவிக்கைக்குள் தள்ளிக்கொள்வாள். அவர்கள் போய் வண்டி கிளம்பியதும் கண்ணாடி முன்னால் நின்று திரும்ப வைத்துக்கொள்வாள். என் கல்யாணத்தில் மாமாதான் தாரை வார்த்தார். அம்மா வெறும் நெற்றியோடு சமையல்கட்டு வாசலில் நின்றாள். புருஷன் ஜோலார்பேட்டையில் உப்புமா தின்றுகொண்டிருந்தார்.

என் மாமியார் நல்லவள். வருஷா வருஷம், "உங்கப்பாவுக்குத் திதி வருதுல்ல, போய் அம்மாகூட இருந்துட்டு வா" என்று தேங்காயும் வாழைப்பழமும் கட்டிக்கொடுத்து அனுப்புவாள். போய் வடை சுட்டுத் தின்றுவிட்டு, நாலு நாள் தூங்கிவிட்டு வருவேன். உயிரோடு இருக்கிற அப்பாவால் எனக்குக் கிடைத்த ஒரே லாபம் அந்த லீவுதான்.

எங்கேயோ போய்விட்டேன் பார். டோரதி.

கடைசியில் மணி பையன் வீட்டாரைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டான். ஆலன் என்கிற இந்த ஊரில் எங்கள் வீட்டு வாசலில் கார் வந்து நின்றது. ஈத்தன் இறங்கினான், அவன் அப்பா அம்மா இறங்கினார்கள், பிறகு டிக்கியிலிருந்து ஒரு சக்கரப் பெட்டி இறங்கியது. அதைத் தொடர்ந்து எண்பது வயசில், குச்சி மாதிரி, டோரதி. "இவங்க தங்கறாங்களா?" என்று மருமகள் சுதா என் காதைக் கடித்தாள். நானும் மனசுக்குள் அரிசியை அதிகப்படுத்திக்கொண்டேன்.

பெட்டியில் துணி இல்லை. ஃபைல். ஐந்து ஃபைல். டோரதி நாற்பது வருஷமாகத் தன் வம்சத்தைத் தேடிக்கொண்டிருக்கிறாள். அவள் முன்னோர்கள் இங்கிலாந்தில் ஏதோ ஒரு கிராமத்துக்காரர்கள். அங்கே சர்ச் ரெஜிஸ்டரில் யாருக்கு எப்போது ஞானஸ்நானம், யாருக்கு யாரோடு கல்யாணம், யாரை எப்போது புதைத்தார்கள் என்று எல்லாம் எழுதி வைத்திருப்பார்களாம். அது போதாதென்று பத்து வருஷத்துக்கு ஒரு தடவை சென்சஸ்காரன் வீடு வீடாக வந்து, யார் யார் இருக்கிறார்கள், என்ன வயசு, என்ன வேலை என்று குறித்துக்கொண்டு போவானாம். அத்தனையையும் தேடி எடுத்து நகல் வைத்திருந்தாள். அவள் வீட்டில் இதை ஒருத்தரும் கேட்பதில்லை. ஃபைலைத் திறந்தால் ஈத்தன் அப்பாவுக்கு உடனே காருக்கு ஆயில் மாற்ற வேண்டியிருக்கும். இப்போது ஒரு இந்தியன் அப்பா, உங்கள் குடும்பத்தைப் பற்றி எனக்குத் தெரிய வேண்டும் என்று தானாக வாயைக் கொடுத்திருக்கிறான். அவள் விடுவாளா?

ஆனால் அதற்கு முன்னால் சமையலறைக்கு வந்தாள். நான் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தேன். கூட ஹரிணி. ஒரு பக்கத்தைத் திறந்து காட்டி டோரதி மெதுவாக ஏதோ சொன்னாள். முகம் சரியில்லை.

"பாட்டி, திஸ் இஸ் ஹன்னா. ஷி வாஷ்ட் கிளோத்ஸ்," என்றாள் ஹரிணி. "ஹஸ்பண்ட் இல்ல. பட் பேபி இருக்கு, வில்லியம். சோ அப்பா பேர் பாக்ஸ் எம்ப்ட்டி."

அந்த வில்லியம்தான் பெரியவனாகிக் கப்பலேறி இந்த ஊருக்கு வந்தவன். அவனிலிருந்துதான் டோரதி, ஈத்தன் எல்லாம். பார்த்தேன். எழுத்து புரியாவிட்டாலும் காலியிடம் புரியும். வில்லியமின் கல்யாணப் பத்திரத்திலும் அப்பா பேருக்கு நேரே ஒரு கோடு. நல்ல குடும்பமா என்று மணி கேட்பது பையன் வழியாக டோரதி காதுக்குப் போயிருக்கிறது. இதைக் காட்டலாமா, காட்டினால் கல்யாணம் நின்றுவிடுமா என்று என்னிடம் கேட்கிறாள்.

தட்டிலிருந்து இரண்டு அப்பளத்தைச் சேர்த்து ஒன்றுபோல் எடுத்துத் திருப்பிக் காட்டினேன். டோரதி அப்பளத்தைப் பார்த்தாள், பக்கத்தைப் பார்த்தாள். பொய் மட்டும் சொல்ல மாட்டேன் என்று ஹரிணியை விட்டு எனக்குச் சொல்லச் சொன்னாள்.

"பக்கம் திருப்பறது பொய்யில்லன்னு சொல்லு," என்றேன்.

பதினொரு மணிக்கு ஆரம்பித்தது. சாப்பாட்டு மேஜையில் சாம்பார் ஒரு பக்கம், இங்கிலாந்து ஒரு பக்கம். ஒருத்தன் கூலி, அவன் அப்பன் கூலி, அவனுக்கும் அப்பன் கூலி. ஒரு அம்மாவுக்கு முதல் சென்சஸில் முப்பது வயசு, பத்து வருஷம் கழித்து முப்பத்தாறு. "சமத்து" என்றேன். இன்னொரு பக்கத்தில் ரெஜிஸ்டரில் பேருக்குப் பதிலாக ஒரு பெருக்கல் குறி. கையெழுத்துப் போடத் தெரியாத கல்யாணப் பெண் போட்டதாம். பாவம், என்னை மாதிரி என்று அந்தக் குறியைத் தொட்டுப் பார்த்தேன். நானாவது மூன்றாம் வகுப்பு. இரண்டு மணிக்கு மணியின் கண் சொருகியது. ரசம் ஆறிப்போனது. ஆனால் அவனுக்குச் சம்பளமே சாஃப்ட்வேரில் ஓட்டை கண்டுபிடிப்பதற்குத்தான். தூக்கத்திலும் கண்டுபிடிப்பான்.

"ஒன் மினிட்," என்றான். "பதினேழாம் பக்கத்துக்கு அப்புறம் இருபது வருது. வில்லியமோட அப்பா யாரு?"

டோரதியின் கை ஃபைல் மேல் போய் உட்கார்ந்தது. முகம் சிவந்துவிட்டது. வண்டி வந்துருச்சு என்றதும் அம்மா கை நெற்றிக்குப் போகுமே, அந்த வேகம். ஹரிணி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று மாதம் அடங்கியிருந்தவள், இப்போது மூச்சையும் அடக்கிக்கொண்டாள். எனக்குக் குழாயடி கேட்டது. ராஜாத்தியக்கா குடத்தைக் கீழே வைக்கிற சத்தம்.

"டேய், சாப்பிடற நேரத்துல அதைப் போய்க் கேப்பியா?" என்றேன். "கிச்சன்ல எங்கிட்ட சொல்லித்தான் அந்தம்மா கண் கலங்குச்சு. வில்லியம் வயித்துல இருக்கச் சொல்லவே அவங்கப்பன் ரயில்ல அடிபட்டுச் செத்துட்டானாம்."

"ரயில்லயா?"

"ஆமா."

"நம்ம அரக்கோணம் தாத்தா மாதிரியா?"

"அதே மாதிரிதான்டா."

மணி எழுந்துவிட்டான். மேஜையைச் சுற்றிப் போய் டோரதியின் கையைப் பிடித்துக்கொண்டான். "மை கிராண்ட்ஃபாதர் ஆல்சோ. ட்ரெயின்," என்றான். பார்த்தே இராத தாத்தாவுக்காக என் பிள்ளை அழுததை அன்றுதான் பார்த்தேன்.

"வாட் ட்ரெயின்?" என்றான் ஈத்தன். மேஜைக்கு அடியில் ஹரிணி அவன் காலை மிதித்த சத்தம் எனக்கே கேட்டது. சமாளிப்பாள், பிழைத்துக்கொள்வாள்.

"ப்ளீஸ் ரைட் இட் இன் தி ஃபைல்," என்றான் மணி.

டோரதி என்னைப் பார்த்தாள். நாற்பது வருஷமாக ஆதாரமில்லாமல் ஒரு எழுத்து எழுதாதவள். அவளுக்கு ஒரு விதி உண்டாம்: ஆதாரம் கிடைத்தால் பேனா, கேள்விப்பட்டதென்றால் பென்சில். ஃபைலை மடியில் தன் பக்கமாகச் சாய்த்துக்கொண்டு, பையிலிருந்து பென்சிலை எடுத்தாள். அந்தக் காலி இடத்தில் ஏதோ எழுதினாள். பிறகு தலை நிமிராமல், "சோர்ஸ்?" என்றாள்.

"யார் சொன்னான்னு போடணுமாம், பாட்டி," என்றாள் ஹரிணி.

நான் என் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டு என் பேரை எழுதிக்கொண்டாள். இங்கிலாந்து சர்ச் ரெஜிஸ்டருக்கு ஆதாரம் அரக்கோணத்துக்காரி.

"ஓகே," என்றான் மணி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "தேதி பாக்கலாம்." இன்னும் இரண்டு ஃபைல் பாக்கி இருந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அப்பாவை நான் என் கல்யாணத்துக்கு அப்புறம் ஒரே தடவை பார்த்தேன். காட்பாடி பிளாட்பாரத்தில், டீக்கடை ஓரமாக. மாமியார் பக்கத்தில் இருந்தாள். "யாருடி அந்தாளு, உன்னையே பாக்கறான்?" என்றாள். "தெரியலத்தே," என்றேன். அது அவர் காதில் விழுந்தது. திரும்பி நின்று ரயிலைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். அவர் நிஜமாகவே போனபோது கடுதாசி வந்தது. அதற்குள் பன்னிரண்டு திதி முடிந்திருந்தது. ஒருத்தர் இரண்டாவது தடவை எப்படிச் சாவார்? வெங்காயம் உரித்துக்கொண்டே அழுதேன். மாமியார், "இந்த வெங்காயம் ரொம்பக் காரம்" என்றாள்.

ஒரே ஒரு தாளில் மட்டும் அவர் உயிரோடு இருந்தார். மணியைப் பெற்றெடுக்க நான் ஊருக்குப் போயிருந்தபோது சென்சஸ் வாத்தியார் வந்தார், காதில் பென்சிலோடு. சம்பந்தியிடம் பொய் சொல்லலாம், சர்க்காரிடம் சொன்னால் போலீஸ் வரும் என்று அம்மாவுக்குப் பயம். "கல்யாணமானவங்களா, புருஷன் இல்லாதவங்களா?" என்று அவர் கேட்டதும் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, "இருக்காரு, எழுதிக்குங்க" என்றாள். எழுதும் வரைக்கும் அந்தப் பென்சிலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்தத் தாளை இப்போது யாரும் பார்க்க முடியாதாம். ஹரிணி தேடிவிட்டுச் சொன்னாள். நல்லதாகப் போயிற்று. இன்று காலை காலி ஃபைலோடு வந்து, "பாட்டி, யுவர் டாட், டெத் டேட்?" என்று கேட்டாள். வடை சுட்ட தேதியைச் சொல்லி, "பென்சில்ல எழுது" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு பேனாவைக் கீழே வைத்தாள்.

லைன் வீடு இருந்த இடத்தில் இப்போது அபார்ட்மென்ட். குழாய் இருந்த இடத்தில் பைக் நிறுத்துகிறார்கள். துணி துவைத்த ஹன்னாவுக்கு நாலு இடத்தில் பேர் இருக்கிறது. ராஜாத்தியக்கா பேர் எந்த ரெஜிஸ்டரிலும் இல்லை. அவள் அப்பா பேர்கூட எனக்குத் தெரியாது. விசாரிக்க யாரும் நேரில் வருவதும் இல்லை. ஃபோனில் பார்த்துவிடுகிறார்கள். ஃபோன் யாருக்காகவும் ஒரு பொய் சொல்லாது.

சாயங்காலம் வாக்கிங்கில் மூன்றாவது வீட்டு சரோஜா பிடித்துக்கொண்டாள். கூட இன்னும் இரண்டு பேர், காதைத் தீட்டிக்கொண்டு.

"மாப்ள வீடு எப்படிக்கா? யார் என்னன்னு ஏதாவது தெரியுமா?"

நான் நின்றேன். கையில் குடம் இல்லை, தண்ணீர் பாட்டில்தான் இருந்தது. அதைக் கீழே வைத்தேன்.

"தங்கமான குடும்பம்," என்றேன். "எனக்கு இருநூறு வருஷமாத் தெரியும்."