ஐந்து மணி லாஞ்சும் படத்தின் முடிவும்

என் வாப்பா ஸெய்னுதீன் தன் வாழ்நாளில் முந்நூறு படங்களுக்குக் குறையாமல் பார்த்திருப்பார். அவற்றில் ஒன்றின் முடிவையாவது பார்த்தாரா என்றால், இல்லை. இதை நம்பாதவர்கள் மூதூர்க்காரர்களாக இருக்கமாட்டார்கள்.

வாப்பாவுக்குத் திருகோணமலைத் துறைமுகத்தில் சரக்கு அடுக்கும் கிட்டங்கியில் வேலை. காலை லாஞ்சில் குடாவைக் கடந்து நகரத்துக்குப் போவார், ஐந்து மணி லாஞ்சில் மூதூருக்குத் திரும்புவார். அதை விட்டால் வேறு லாஞ்சு இல்லை. சனிக்கிழமைகளில் அரைநாள்தான் வேலை. இரண்டரை மணி ஆட்டத்துக்குப் போய் உட்கார்ந்தால், கதை முற்றித் தியேட்டரே மூக்கை உறிஞ்சத் தொடங்கும் நேரத்தில் மணி நாலே முக்கால் ஆகிவிடும். அப்போது கலரியில் ஒரு வரிசை மட்டும் சாரத்தை உதறிக்கொண்டு எழும்பும். பின்னால் இருப்பவர்கள் ஏசுவார்கள். மூதூர் ஆட்கள் அதைக் காதில் வாங்காமல் லாஞ்சு நிற்கும் ஜெட்டிக்கு ஓடுவார்கள்.

லாஞ்சில் ஏறியதும் முடிவு என்னவாக இருக்கும் என்று வழக்குத் தொடங்கும். மீன் வியாபாரி அபூதாஹிர் வில்லனைக் கொல்லாமல் ஓயமாட்டார். வாப்பா யாரையும் சாகவிடமாட்டார். மூதூர்க் கரை தெரிவதற்குள் ஒரு முடிவு தீர்மானமாகிவிடும், பெரும்பாலும் வாப்பா சொன்னதுதான். ஊரில் அதை மறுத்துப் பேச ஓர் ஆள் கிடையாது.

மஃரிப் தொழுதுவிட்டு வந்து, உம்மா சமைக்கும் குசினியின் வாசலில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, அவருக்குப் படம் சொல்லுவார். சொல்வதோடு நிற்காமல் தீர்ப்பும் வழங்குவார்.

“அரிசி மூட்டைய ஒத்தக் கையால தூக்குறான் புள்ள! உள்ளுக்கு வைக்கல்தான் கட்டியிருப்பானுகள்.”

கப்பல் கயிற்றில் முடிச்சுப் பிழை என்று நல்லதொரு படத்தையே தள்ளிவைத்தவர் அவர். கதாநாயகிகளைப் பற்றி உம்மா முன்னால் வாய் திறக்காத அளவுக்குப் புத்தியும் இருந்தது. இன்றைக்கும் விறகுப் புகையின் மணம் வந்தால் எனக்கு அந்தச் சனிக்கிழமைகள்தான் ஞாபகம் வரும். மனம் கிடந்து ஏங்கும்.

உம்மா பல்கீஸ் அந்தக் கதைகளைக் கேட்டதற்கு வேறொரு காரணம் இருந்தது. அவருடைய ஒரே தம்பி சரீப், வெள்ளைக்காரர்கள் துறைமுகத்தை விட்டுப் போன வருடம், ஒரு சரக்குக் கப்பலில் வேலைக்கு ஏறினார். இரண்டு கடிதங்கள் வந்தன. பிறகு பத்து வருடமாக ஒரு செய்தியும் இல்லை. வாப்பா சொல்லும் படங்களிலோ, காணாமற்போனவர்கள் ஒருவர் தவறாமல் வீடு வந்து சேர்ந்தார்கள்.

அந்தப் பத்தாம் வருடக் கார்த்திகையில் வாப்பா ஒரு கப்பல் படம் சொன்னார். தம்பி கப்பலேறிப் போகிறான். அக்கா தினமும் கரைக்கு வந்து நிற்கிறாள். கடைசியில் ஒருநாள் தாடி வளர்த்த ஒருவன் தகரப் பெட்டியோடு வருகிறான். அக்காவுக்கு ஆளை அடையாளம் தெரியவில்லை. “அக்கா” என்று அவன் கூப்பிட்ட பிறகுதான் தெரிகிறது. உம்மா சனிக்கிழமை கேட்டது போதாதென்று, செவ்வாய்க்கிழமையும் சொல்லச் சொல்லிக் கேட்டார். வாப்பா தாடியை இன்னும் கொஞ்சம் நீட்டிச் சொன்னார்.

இரண்டு வாரம் கழித்து எனக்குக் காது வலி. அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. உம்மாவும் நானும் வாப்பாவோடு நகரத்துப் பெரியாஸ்பத்திரிக்கு வந்தோம். பகலுக்குள் கடல் கொந்தளித்து லாஞ்சு நின்றுவிட்டது. வாப்பா எங்களைத் தன்னோடு வேலை செய்யும் சோமசேகரம் மாமாவின் வீட்டில் விட்டுவிட்டு மறுபடி கிட்டங்கிக்குப் போனார். மாமாவின் மனைவி பூரணி மாமி சும்மா பேச்சுக்குத்தான் கேட்டார்.

“அந்தக் கப்பல் படம் இன்னும் ஓடுது. வாறீங்களோ?”

உம்மா மூதூரில் கடைத்தெருவுக்கே போகாதவர். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, “ஓம், வாறன். அவன் வந்து இறங்குறத நான் பாக்கணும்” என்றார்.

பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்தோம். வாப்பா சொன்னதெல்லாம் வரிசை பிசகாமல் வந்தது. நாலே முக்கால் தாண்டியிருக்கும். கரையில் படகு ஒதுங்கி, தகரப் பெட்டியோடு ஒருவன் இறங்கினான். தாடி இருந்தது. உம்மா என் கையைப் பிடித்து நெரித்தார்.

“அவன்தான் புள்ள. தாடியப் பாரு, அவன்தான்.”

அவன் தம்பி இல்லை. தம்பியோடு வேலை செய்தவன். பெட்டியை மட்டும் கொண்டுவந்திருந்தான். அக்கா பெட்டியைத் திறந்தபோது தியேட்டரே அழுதது. உம்மா மட்டும் அழவில்லை. எனக்கு வாப்பாமேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

வெளியே வந்ததும் பூரணி மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

“உங்களுக்கு முடிவு முதலே தெரியுந்தானே? ஒவ்வொரு திங்கக்கிழமையும் உங்கட அவர் என்ர மனுசனிட்ட முடிவு கேட்டறிஞ்ச பிறகுதான் வேலையத் தொடங்குவாராம். இதையும் கேட்டவராம். கேட்டிட்டு அண்டைக்கு முழுக்க ஆரோடயும் ஒரு கதையும் கதைக்கேல்லயாம்.”

உம்மா நடந்துகொண்டிருந்தவர் நின்றார். “திங்கக்கிழமையோ?” என்று கேட்டார். பிறகு தனக்குள் சொல்வதுபோல், “செவ்வாய்க்கிழமையும் வந்திட்டான் எண்டுதானே சொன்னாரு” என்றார். அப்போதுதான் அவர் கண் நிறைந்தது.

அன்று மாலை வாப்பா வந்ததும் மாமி நாங்கள் படத்துக்குப் போன கதையைச் சொல்லிவிட்டார். வாப்பா உம்மாவின் முகத்தைப் பார்க்கவே இல்லை. தேத்தண்ணி ஆறிப்போயிற்று.

மறுநாள் கடல் அடங்கி லாஞ்சு ஓடியது. செய்தி எங்களுக்கு முன்பே ஏறியிருந்தது. அபூதாஹிர் பெண்கள் இருந்த பக்கம் திரும்பி, எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டார்.

“ராத்தா, மூதூரிலயே படத்தின்ட முடிவக் கண்ணால கண்ட ஒரே ஆள் நீங்கதான். சொல்லுங்க. ஸெய்னுதீன் சொன்னது சரியா, நான் சொன்னது சரியா? அவன் மௌத்து, இனி வரமாட்டான் எண்டு நான் அண்டைக்கே சொன்னன்.”

லாஞ்சே உம்மாவைப் பார்த்தது. வாப்பா தலையைக் குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவு பேருக்கு முன்னால் அவர் அப்படி இருந்து நான் கண்டதில்லை. என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

“அவர் சொன்னதுதான் சரி” என்றார் உம்மா. “வந்திட்டான். தாடியோட வந்தான்.”

அபூதாஹிர் தலையில் கைவைத்தார். எல்லாரும் சிரித்தார்கள். வாப்பா சிரிக்கவில்லை. சால்வையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அன்று தண்ணீர் தெறிக்கும் அளவுக்குக் கடலில் அலை இல்லை.

அதற்குப் பிறகும் சனிக்கிழமைகளில் குசினி வாசலில் படம் ஓடியது. ஆனால் வாப்பா, “அப்ப லாஞ்சுக்கு நேரமாச்சு” என்று சொல்லி நிறுத்திக்கொள்வார். மிச்சத்தை உம்மா கறியைக் கிண்டியபடியே சொல்லுவார். ஒருவரும் திரும்பி வராமல் இருந்ததில்லை.

சரீப் மாமா வரவில்லை. எண்பதாம் ஆண்டு உம்மா மௌத்தானபோது சோமசேகரம் மாமா லாஞ்சேறி வந்திருந்தார். வாப்பாவின் பக்கத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். போகும்போது என்னிடம்தான் சொன்னார்.

“நீங்கள் எல்லாரும் எங்கட வீட்டில தங்கின அந்த மார்கழியோட உங்கட வாப்பா என்னட்ட முடிவு கேக்கிறதை விட்டிட்டார் பிள்ளை. நானாச் சொல்லப் போனாலும், வேண்டாம், வீட்டில கேட்டிட்டன் எண்டிடுவார்.”