பட்டியலில் இல்லாத பெயர்

கலாவேஜ் டீச்சரின் குரல் கேட்காமல் எங்கள் குர்து நகரத்தில் தியாகிகள் நாள் நடந்ததில்லை. இருபத்திரண்டு வருஷமாகப் பெயர்களை வாசிப்பது அவள்தான். அவள் ஒரு பெயரைச் சொல்ல, மைதானமே "சாகவில்லை" என்று பதில் கொடுக்கும். அந்தப் பிள்ளையின் தாய் படத்தைத் தூக்கிப் பிடிப்பாள்.

அவள் தம்பி ரேபின் பெயர் மட்டும் பட்டியலில் கிடையாது. பட்டியலில் உள்ளவர்களைப் போல அவனைக் கொன்றது பாக்தாத் பட்டாளமல்ல. குர்துகளே இரண்டு கட்சியாகி ஒருவரையொருவர் சுட்டுத் தள்ளிய வருஷத்தில் செத்தான். அந்தச் சண்டையைப் பற்றி இங்கே யாரும் வாய் திறப்பதில்லை. அத்தனை வெட்கக்கேடு.

கல்யாணமே வேண்டாமென்று பள்ளிக்கூடமும் அம்மாவுமாகக் காலத்தைத் தள்ளினாள் கலாவேஜ். போன குளிர்காலத்தில் அம்மா போய்ச் சேர்ந்தாள். கடைசிவரை ஒரே கேள்விதான்: "ஊரான் பிள்ளைங்க பேரெல்லாம் சொல்றே, உன் தம்பி பேரு வாயில வராதாடி?"

இந்த வருஷம் விழாக் கமிட்டித் தலைவர் ஃபரெய்தூனிடம் துணிந்து கேட்டுவிட்டாள்.

"ஒண்ணைச் சேர்த்தா அந்தக் கட்சிக்காரன் நாப்பதைக் கொண்டாந்து நிப்பான்க்கா. பழைய புண்ணைக் கிளறாதீங்க."

"புண்ணு உங்களுக்குத்தான் பழசு," என்றாள்.

மேடையில் முதல் பக்கம் முடிந்ததும், தாளைப் பார்க்காமலே சொன்னாள்: "ரேபின் காதிர்."

பழக்க தோஷத்தில் கூட்டம் "சாகவில்லை" என்றது. அப்புறம்தான் பலருக்கு உறைத்தது. ஃபரெய்தூன் முகம் வெளுத்துவிட்டது. கலாவேஜுக்கோ முப்பது வருஷப் பாரம் இறங்கி, கண் நிறைந்தது.

அப்போது பின்வரிசையில் தையல்காரி பீரோஸ் எழுந்தாள். கையில் படம்கூட இல்லை.

"அப்போ எம் மவன் பேரையும் சொல்லு டீச்சர். ஹேமின் கரீம்."

ஹேமினை அவன் வீட்டு வாசலிலேயே வைத்துச் சுட்ட ஐந்து பேரில் ரேபினும் ஒருவன். ஊருக்கே தெரியும்.

நாங்கள் எல்லோரும் டீச்சர் வாயையே பார்த்தோம். அவள் சொன்னால் நாங்களும் சொல்லியிருப்போம். மைக்கில் அவள் மூச்சுதான் கேட்டது. அந்தப் பெயரைச் சொன்னால், இப்போதுதான் தியாகியான தம்பி அடுத்த நிமிஷமே கொலைகாரனாகிவிடுவான்.

தாளைத் திருப்பி, பட்டியலில் இருந்த அடுத்த பெயரை வாசித்தாள். "சாகவில்லை" என்றோம் நாங்கள். பீரோஸ் இன்னும் நின்றுகொண்டிருந்தாள்.